கேட்காமல் எழுதிய கதை

வலைப்பூவுக்கு ஒரு வயது நிறைந்த அன்று அவள் காலையிலிருந்தே யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எரிந்து விழுவோம் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது.

வேலை காது மெஷின் கடையில். கடைத்தெருவில், மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடி. படிகள் குறுகல், கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம்தான். “நம்ம கடைக்கு வர்றவங்களுக்குக் காது கேக்கலைன்னாலும் பரவாயில்ல, முழங்கால் நல்லா இருக்கணும்” என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லித் தானே சிரித்துக்கொள்வார். அவர் காசு வாங்குவார், கம்பெனிக்காரர்களோடு பேசுவார். பரிசோதனை செய்வது, காதுக்கு அச்சு எடுப்பது, மெஷினை மாட்டி அளவு திருத்துவது, பேட்டரி போடக் கற்றுக்கொடுப்பது, பொருத்தம் சரியில்லாமல் ‘விசில் அடிக்குது’ என்று திரும்பி வருகிறவர்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் அவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான். தெருவில் எல்லோருக்கும் அவள் காதுக்காரம்மா.

கடையின் பின்பக்கம் ஒரு பரிசோதனை அறை உண்டு. ஓர் ஆள் உட்கார்ந்தால் முழங்கால் சுவரில் இடிக்கும். சுவரெல்லாம் பஞ்சுத் தடுப்பு, கதவு ஒரு கையளவு தடிமன். உள்ளே போய்ச் சாத்திக்கொண்டால் தன் மூச்சு தனக்கே கேட்கும். மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் சாப்பாட்டு டப்பாவோடு அதற்குள் நுழைந்து, ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறுகைக் கட்டைவிரலால் செல்போனில் எழுதுவாள். வலைப்பூ முழுவதும் அப்படி எழுதியதுதான்.

ஆரம்பித்து வைத்தவள் மகள். கல்லூரிக்குப் போகிறவள். தினமும் சாப்பிடும்போது அம்மா கடைக் கதைகளைச் சொல்ல, ஒருநாள் பொறுக்க முடியாமல், “ம்மா, இதையெல்லாம் எங்க ரெண்டு பேர்கிட்டயே சொல்லி என்ன பிரயோஜனம்? அப்பா கேக்கற மாதிரி தலையாட்டறாரே தவிர கேக்கறதே இல்ல. எழுதேன். நான் ஒரு ப்ளாக் போட்டுத் தர்றேன்” என்றாள். விடுமுறை நாளில் ஒரு மத்தியானத்தில் போட்டும் கொடுத்துவிட்டாள். ‘காது கொடுத்தவள்’ என்று பெயர் வைத்தது கணவர். ஏதோ நாளிதழைப் புரட்டிக்கொண்டே சொன்னார், அதுவே நிலைத்துவிட்டது.

முதல் பதிவு ஒரு டீச்சரைப் பற்றி. மெஷின் மாட்டியதும் அந்த அம்மாள் சுற்றும் முற்றும் பார்த்து, “என்ன சத்தம் இது, சலசலன்னு?” என்று கேட்டார். அவருடைய கைப்பைக்குள் கிடந்த சாவிக்கொத்து. சாவிக்குச் சத்தம் உண்டு என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. படி இறங்கும்வரை பையைக் குலுக்கிக்கொண்டே போனார். இதை அவள் அடித்துத் திருத்தித் திரும்ப எழுதிப் போட்டாள். மகள் படித்தாள். கணவர் படித்ததாகச் சொன்னார். வேறு யாரோ ஒருவர் படித்திருந்தார், அது யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

அப்படியே போயிற்று. மனதை ஊற்றி எழுதியவையெல்லாம் கிணற்றில் போட்ட கல். ஒருநாள் முதலாளி வரத் தாமதமானபோது, பொழுது போகாமல், காதில் தண்ணீர் போனால் என்ன செய்வது என்று நான்கு வரி தட்டிவிட்டிருந்தாள். அது பிய்த்துக்கொண்டு போயிற்று. உலகத்தில் குளிக்கிறவர்கள் எல்லோரும் அதைப் படிக்க வந்தார்கள். எண்ணெய் விடலாமா? ஹேர்பின் போடலாமா? மேடம், என் இடது காது குத்துது, போன் நம்பர் கொடுங்க. மெஷின் என்ன விலை? ஒவ்வொருவருக்கும் ‘டாக்டரைப் பாருங்கள்’ என்று பதில் போட்டுப் போட்டு, ‘டா’ என்று தட்டினாலே செல்போன் மிச்சத்தைத் தானே எழுதிக் கொடுத்தது.

அவளுடைய அண்ணன் இதைக் கேட்டுச் சிரித்தார். “உன் எழுத்து செவிடன் காதுல ஊதின சங்கு மாதிரிதான்” என்றார். பிறந்ததிலிருந்து கேட்ட பழமொழிதான், ஆனால் இந்தத் தொழிலுக்கு வந்தபின் அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“எந்த டெசிபல்ல ஊதினான்னு யாராவது கேட்டாங்களாண்ணே? ஊதினவனுக்கு ஊதத் தெரியலைன்னா செவிடன் என்ன பண்ணுவான்?”

“பாத்தியா, வாய் மட்டும் குறையலை.”

முதலாளிக்கு வேறு கணக்கு. தண்ணீர்ப் பதிவுக்கு வரும் கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவர் கண்கள் விரிந்தன. “ஒவ்வொண்ணு அடியிலயும் கடை பேரு, போன் நம்பர் போட்டுடும்மா. உன் கைக்கு என்ன வலிக்குதா?”

“கைக்கு வலிக்காது சார். படிக்கறவங்களுக்கு வலிக்கும்.”

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் அவளோடு பேட்டரி சம்பந்தமாக மட்டும் பேசினார்.

இவையெல்லாம் சின்ன எரிச்சல்கள். நெஞ்சில் முள்ளாகத் தைத்தது வேறு.

ஓர் ஆலையில் பாய்லர் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்த பெரியவர் ஒருவரை அவருடைய மகன் கடைக்கு அழைத்து வந்திருந்தான். அந்த இரைச்சல் காதைத் தின்றுவிட்டிருந்தது. மெஷின் நன்றாகப் பொருந்தியது. சந்தோஷமாகப் போனார்கள். சில வாரம் கழித்துப் பெரியவர் தனியாகப் படியேறி வந்து, மூச்சு வாங்க, மெஷின் டப்பாவை மேசைமேல் வைத்தார்.

“சரியா கேக்கலையா ஐயா?”

“நல்லா கேக்குதும்மா. அதான் பிரச்சனை.”

சமையலறையில் மருமகள் யாரிடமோ போனில் பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது. ‘இனிமே இவருக்கு எல்லாம் கேக்கும், நம்ம பாடு திண்டாட்டம்தான்.’ சிரித்துக்கொண்டுதான் சொன்னாளாம். “தப்பா ஒண்ணும் சொல்லலை. ஆனா இத்தனை வருஷமா இந்த மாதிரி எவ்வளவு பேசியிருப்பாங்கன்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டேன். தூக்கம் போச்சு. நீயே வெச்சுக்கோ” என்றார்.

அவள் அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நாள் முழுக்க வேண்டாம், முதலில் தெருவில் நடக்கப் போகும்போது மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள் என்று பேசிப் பேசி டப்பாவைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினாள்.

அதைத்தான் எழுதினாள். பெயர் போடவில்லை. முன்பாதி பெரியவர். பின்பாதியில் அவள் பார்த்திராத அந்த மருமகள். ஒரே வீட்டில் வருடக்கணக்காகக் கத்திக் கத்தியே பேசித் தொண்டை கட்டிப்போன பெண். ஒருவர் முன்னால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்றிருந்த வீட்டில், இனி குரலைத் தாழ்த்தப் பழக வேண்டியவள். காது வந்தவருக்கு ஒரு லாபம் என்றால் அவளுக்கு ஒரு நஷ்டம், அதையும் நாம் நினைக்க வேண்டும் என்று எழுதினாள். பின்பாதிக்காகப் பல மதியங்கள் சோறு ஆறிப்போயிற்று. அந்த வருடத்தில் அவள் எழுதியதிலேயே அவளுக்குப் பிடித்தது அதுதான்.

அதுவும் கிணற்றுக்குள்தான் போயிற்று என்று நினைத்திருந்தாள். சில மாதம் கழித்து ஒருநாள் காலை, பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது, குடும்பக் குரூப்பில் அண்ணி ஒன்றை அனுப்பியிருந்தாள். ‘கல்நெஞ்சையும் கரைய வைக்கும் உண்மைச் சம்பவம்!’ என்று தலைப்பு. பாய்லரில் வேலை பார்த்த முதியவர். காது மெஷின். சமையலறையில் மருமகள். முதல் பத்தியின் வரிகள் அப்படியே அவளுடையவை. அதற்குப் பிறகு மருமகள் சாப்பாட்டுத் தட்டை வீசி எறிந்தாள். மகன் வாயடைத்து நின்றான். பெரியவர் மெஷினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்கு நடந்தார். ‘பெற்றவர்களை மதிப்போம், பகிருங்கள்.’ கண்ணீர் பொம்மைகள் ஒரு வரிசை.

கண்ணு காது மூக்கு வைத்துப் பேசுவது என்பார்கள். இதில் காது மட்டும் அவளுடையது. பின்பாதியைக் காணவே காணோம்.

கீழே அண்ணி, ‘படிச்சுட்டு அழுதுட்டேன்’ என்று போட்டிருந்தாள்.

‘அண்ணி, இது நான் எழுதினது.’

‘நீயா? உன் எழுத்து இவ்வளவு நல்லா இருக்காதே!’

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டிருந்தாள். சாயங்காலம் கணவரிடம் காட்டியபோது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“நல்லாத்தானே இருக்கு? உன் கதை ஊரெல்லாம் போகுதே, சந்தோஷப்படு.”

“என் கதை இல்லங்க இது. என் கதையோட தலையை மட்டும் வெச்சுக்கிட்டு வேற உடம்பை ஒட்டியிருக்காங்க.”

“சரி, எழுதினவனுக்கு ஒரு மெசேஜ் போடு.”

“எவனுக்கு? எவன்னு தெரிஞ்சா போட மாட்டேனா?”

அவர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அதற்கு மேல் பேசினால் இரவு சாப்பாடு தனக்கு இல்லை என்பதை அவர் பழகி அறிந்தவர்.

அடுத்த வாரம் மருமகளே வந்துவிட்டாள்.

துணிக்கடை பில் கவுன்டரில் வேலை. சீருடையோடு, சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்திருந்தாள். படியேறிய வேகத்தில் மூச்சு வாங்கியது. “காதுக்காரம்மா நீங்கதானே?” என்று கேட்டுச் செல்போனை முகத்துக்கு நேரே நீட்டினாள். அந்தக் கண்ணீர் பொம்மைகள்.

“இந்த ஊர்ல பாய்லர்ல வேலை பார்த்துக் காது போய் மெஷின் வெச்சவர் எத்தனை பேர் இருப்பாங்க? எங்க தெரு குரூப்ல போட்டாங்க. கூட வேலை பாக்கறவ ஒருத்தி, ‘தட்டைத் தூக்கி எறிஞ்சியாமே’ன்னு சிரிச்சுக்கிட்டே கேக்கறா. நான் எப்ப எறிஞ்சேன்? சொல்லுங்க, எப்ப எறிஞ்சேன்?”

“ஐயோ, அதை நான் எழுதலைம்மா. நான் எழுதினது வேற. இருங்க, காட்டறேன்.”

கடைக்குள் இரண்டு பேர் காத்திருந்தார்கள். முதலாளி காசுப்பெட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். அவள் மருமகளைப் பரிசோதனை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். உட்கார ஒரே நாற்காலி, இருவருமே உட்காரவில்லை. மருமகள் நின்றபடியே மூலப் பதிவைப் படித்தாள். பின்பாதிக்கு வந்ததும் விரல் மெதுவானது. தொண்டை கட்டிப்போன இடத்தை இரண்டு தடவை படித்தாள் என்று அவளுக்குத் தோன்றியது. ‘இதோ, இப்போது புரிந்துகொள்வாள்’ என்று ஒரு சின்ன நம்பிக்கை எட்டிப் பார்த்தது.

மருமகள் செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா இதுலயும் என்னை ஒரு வார்த்தை கேக்கலையே. எனக்கு நஷ்டம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க.”

அவள் நாற்காலியை மருமகள் பக்கம் தள்ளினாள். மருமகள் உட்காரவில்லை.

“அன்னிக்கு நான் போன்ல பேசினது எங்க அக்காகிட்ட. கிண்டலுக்குச் சொன்னேன். முன்னாடியெல்லாம் மாமா ஒரு வார்த்தை கேட்டா நான் நாலு வீட்டுக்குக் கேக்கற மாதிரி கத்திப் பதில் சொல்லணும். அக்கம்பக்கத்துல என்னைச் சண்டைக்காரின்னு பேரே வெச்சிருந்தாங்க. இப்ப காலையில ‘போயிட்டு வர்றேன் மாமா’ன்னு சாதாரணமா சொல்லிட்டுக் கிளம்பறேன். எனக்கு நஷ்டமா அது?”

“இல்லம்மா.” கொஞ்சம் நிறுத்தி, புத்தி கெட்டுப்போய்க் கேட்டாள்: “இதை எழுதட்டுமா? நீங்க சொன்ன மாதிரியே?”

“ஒண்ணும் எழுத வேண்டாம். இருக்கறதை எடுத்துடுங்க.”

அவள் அங்கேயே, அந்தப் பெண்ணின் கண்ணெதிரே, பதிவை அழித்தாள்.

“குரூப்ல சுத்தறது?”

“அதை என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா.”

“அப்போ எதைத்தான் அழிச்சீங்க?”

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். இடைவேளை முடிந்திருக்கும். பொய் ஊர் சுற்றிக்கொண்டிருக்க, ஓரளவாவது நியாயமாக எழுதியிருந்த ஒன்றைத் தன் கையாலேயே அழித்துவிட்டோம் என்பது அவள் போன பிறகுதான் உறைத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானாலும் பரவாயில்லை, குரங்கை ஊரெல்லாம் கும்பிடுகிறார்களே! யார்மேல் கோபப்படுவது? முகம் தெரியாத அந்தத் திருடன்மேல் படலாம். ஆனால் அவன் எதிரே வந்து நின்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டவள் சொன்னதில் பிழையும் இல்லை. அதுதான் ஆத்திரத்தைக் கூட்டியது. வெளியே வந்தபோது முதலாளி, “என்னம்மா, மெஷின் விக்கறியா, வழக்கு நடத்தறியா?” என்றார். அன்று மாலைவரை அவள் மாட்டிய காது அச்சுகளில் ஒன்றுகூட ஒரே தடவையில் பொருந்தவில்லை.

இப்படித்தான் வருடம் நிறைந்தது. மற்ற வலைப்பூக்காரர்கள் எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று பார்த்து வைத்திருந்தாள். எல்லோரும் முதல் வருடத்தில் கற்றதையும் அடுத்த வருடத் திட்டங்களையும் எழுதுகிறார்கள். பூப்படம் போடுகிறார்கள். என் வாசகச் சொந்தங்களே என்கிறார்கள். அன்று மதியம் அறைக்குள் உட்கார்ந்து அவளும் ஆரம்பித்தாள். ‘ஜனங்களுக்குக் காது அடைத்தால்தான் என் நினைவு வருகிறது’ என்று முதல் வரி வந்தது. அழித்தாள். ‘திருடர்களுக்கு நல்வாழ்த்துகள்’ என்று வந்தது. அதையும் அழித்தாள். டப்பாவை மூடிவிட்டு மகளைக் கூப்பிட்டாள்.

“என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு? பிடிக்கலைன்னா மூடிடலாம் விடு. ரெண்டு பட்டனை அழுத்தினா முடிஞ்சுது.”

“மூடறதா? ஒரு வருஷம் ஆறின சோறு தின்னது மூடறதுக்கா?”

“அப்போ எழுது. எதுக்கு என்மேல பாயறே?”

மகள் சொன்னதில் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் அவளுக்குக் கொஞ்சம் தெளிவும் வரும். வருடம் முழுக்க ஒன்றுமே நடக்கவில்லையா என்று யோசித்தாள். ஒன்று நடந்திருந்தது. முன்பெல்லாம் வருகிறவர்கள் வாயைத் திறந்ததுமே மீதியை அவளே சொல்லி முடித்துவிடுவாள். கூட்டத்துல பேசினா புரியலையா, டிவி சத்தம் அதிகமா வைக்கறீங்களா என்று. எழுதத் தொடங்கியபின் அவர்களே முடிக்கட்டும் என்று விட ஆரம்பித்திருந்தாள். முதலில் கதைக்காகத்தான் விட்டாள். அப்புறம் அது பழகிப்போயிற்று. அதனால் ஒவ்வொருவருக்கும் நேரம் இழுத்தது, காத்திருப்பவர்கள் முணுமுணுத்தார்கள், முதலாளி கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். ஆனால் விசில் அடிக்கிறது என்று திரும்பி வருகிறவர்கள் குறைந்திருந்தார்கள். இதை யாரிடமாவது சொன்னால் பெருமை அடித்துக்கொள்வதாக நினைப்பார்கள். அவளே முழுசாக நம்பவில்லை.

கடைசியில் பூவும் இல்லாமல் சொந்தங்களும் இல்லாமல் ஒரே பத்தி எழுதினாள்: ‘ஒரு வருடம் ஆயிற்று. நான் கஷ்டப்பட்டு எழுதியதை நீங்கள் படிக்கவில்லை, படித்ததை நான் கஷ்டப்பட்டு எழுதவில்லை. இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் கோபம் வருகிறது. ஒரு கதையை இங்கிருந்து எடுத்துவிட்டேன். அதன் திரிந்த வடிவம் உங்கள் குரூப்புக்கு வந்தால், தட்டை யாரும் எறியவில்லை என்று மட்டும் பதில் போடுங்கள். இனி யாரைப் பற்றி எழுதினாலும் அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன். வேண்டாம் என்றால் எழுத மாட்டேன். காதில் தண்ணீர் போனால் டாக்டரைப் பாருங்கள். அந்தப் பதிவில் இனிமேல் நான் பதில் போடுவதாக இல்லை.’

திட்டம் போடுவது எளிது. மறுநாளே சோதனை வந்தது. காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு பெண், மெஷினைத் திருத்திக்கொள்ள வந்தவர், சொன்ன ஒரு விஷயத்தில் அவள் ஸ்குரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டாள். அந்த மாதிரிக் கதை வருடத்துக்கு ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். கதையாகவே வந்து மடியில் விழுந்திருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, “அம்மா, இதைப் பேர் போடாம எழுதலாமா?” என்று கேட்டாள்.

“எதுக்கு? வேண்டாம்மா.”

“உங்களை யாருக்கும் தெரியாது...”

“எனக்குத் தெரியும் இல்ல?”

அவ்வளவுதான். அந்த அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அவள் பரிசோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே ஒரு பொட்டுச் சத்தம் கேட்காது என்ற தைரியத்தில், ஒரு கத்துக் கத்தினாள். இரவு கணவர், “இன்னிக்குக் கடையில என்ன கதை?” என்று தாமாகவே கேட்டார். ஒருநாளும் கேட்காதவர். “ஒண்ணுமில்ல” என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அதற்கடுத்து ஒரு லாரி டிரைவரைக் கேட்டாள். பின்னால் வரும் வண்டியின் ஹாரன் கேட்காமல் வேலையை விட இருந்தவர். மெஷின் மாட்டிக்கொண்ட அன்று அவருக்கு நடந்ததை எழுத அனுமதி கேட்டாள். “என் சம்சாரத்தைக் கேட்டுச் சொல்றேன்” என்றார். இதென்னடா புதுத் தலைவலி என்று நினைத்தாள். இரண்டு நாளில் சம்சாரத்தையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். முதலாளி பெருமூச்சு விட்டுக்கொண்டே கீழே டீ குடிக்கப் போனார்.

அவள் எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினாள். அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். வண்டி பச்சை இல்லை, நீலம் என்றாள். வீட்டு வாசலில் நடந்ததாக எழுதியிருந்தது, பெட்ரோல் பங்கில் நடந்தது என்றாள். காதுக்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றினாள். அழகாக வந்திருந்த ஒரு வாக்கியம் அதில் அடிபட்டுப் போயிற்று. முடிவுக்கு வந்து, மனைவியின் குரலைக் கேட்டு அவர் கண்கலங்கியதைப் படித்தாள்.

“அது தப்பு” என்றாள் அந்தப் பெண்.

டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அவர் அழல. நான்தான் அழுதேன். அவர் சிரிச்சாரு. அதை மாத்துங்க.”

மாற்றினாள்.